பாட்டிலில் ஒட்டிய முகம்

எனுகு
9 பிப்ரவரி 1998

எஜிக்கே,

அன்புள்ள தம்பி என்று தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

நேற்று மாலை பேருந்து நிலையத்தில் ஒருவன் என் முகத்தை விற்றுக்கொண்டிருந்தான். சபைக் கூட்டத்துக்குப் போக பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வாழையிலையில் அவித்த ஒக்பாவைத் தின்றுகொண்டிருந்தேன். அவன் உள்ளே ஏறிக் கத்துகிறான்: "சர்க்கரையா? கால் எரிச்சலா? ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுறீங்களா? டாக்டரம்மா உஜு எலிக்குக் குடுத்துப் பாத்துட்டாங்க! எலிக்கே நல்லாயிடுச்சு, உங்களுக்கு ஆகாதா?" பக்கத்தில் இருந்த பெண் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பாட்டிலைப் பார்த்தாள். "அது நீங்கதானே? சொல்லிக் கொஞ்சம் வெலையக் கொறைச்சு வாங்கிக் குடுங்களேன்" என்றாள்.

ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். மேசைமேல் வைத்து இரவெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன். "டாக்டர் உஜு கசப்பு மருந்து. பல்கலைக்கழகத்தில் சோதித்தது. சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி." நான் டாக்டர் பட்டம் வாங்கிய அன்று நாம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். அதில் உன்னை நீயே வெட்டி எறிந்துவிட்டாய். வெட்டியதாவது ஒழுங்காக வெட்டினாயா? என் தோளில் நான்கு விரல் மட்டும் மிச்சம் இருக்கிறது. யார் கை அது என்று எவரும் கேட்கவில்லையா?

டிசம்பரில் உனக்கு எழுதினேன், உண்மைதான். நீ கொடுத்தனுப்பிய மருந்தைக் கொடுத்ததில் எட்டு எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது என்று எழுதினேன். தம்பி சந்தோஷப்படட்டும் என்று எழுதியது. அச்சகத்துக்குக் கொண்டு போவதற்காக எழுதவில்லை. அந்த எலிகளுக்கு ஊசி போட்டு நோயை உண்டாக்குவதே நாங்கள்தான். அங்கிருந்து மனிதரிடம் வருவதற்கு இன்னும் எத்தனையோ சோதனைகள் இருக்கின்றன. கல்லீரலைப் பார்க்க வேண்டும், சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். பல வருட வேலையை நீ ஒரே நாளில் அச்சகத்தில் முடித்துவிட்டாய்.

என் படத்தை எடு. கடையிலும் தெருவிலும் இருக்கிற எல்லாப் பாட்டிலிலிருந்தும் எடு.

எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்குப் பதில் சொல்: அம்மா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? அவர் கையில் இந்தப் பாட்டில் போகக்கூடாது.

கோபத்துடன்,
உன் அக்கா உஜுன்வா


ஒனிச்சா
14 பிப்ரவரி 1998

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

பார், நான் அன்புள்ள என்றே தொடங்குகிறேன். வளர்ப்பு அப்படி.

உன் கடிதத்தை எனுகு பேருந்து ஓட்டுநர் சண்டே கொடுத்தார். "உங்க அக்கா நல்லாத்தான இருக்காங்க? கடுதாசியக் குடுக்கும்போது மூஞ்சி சரியில்லையே" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறார், எலிகளோடு இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டார் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் என்ன பொய்யை அச்சடித்தேன்? உன் டிசம்பர் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. "தம்பி, நம் வேலி மரத்து வேர் வேலை செய்கிறது! சர்க்கரை பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" இதில் எந்த வார்த்தையை நான் கூட்டினேன்? ஆச்சரியக்குறிகூட நீ போட்டதுதான்.

படத்தில் என்னை ஏன் வெட்டினேன் என்று கேட்கிறாய். என் முகத்தைப் பார்த்து யார் மருந்து வாங்குவார்கள்? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒனிச்சா சந்தையில் மோட்டார் உதிரிபாகம் விற்ற முகம் இது. வேலி மரத்தைக் கண்டுபிடித்தது நான், வேரை வெட்டியது நான், காயவைத்துச் சாராயத்தில் ஊறப்போட்டது நான். ஆனால் படித்தவள் முகம் இல்லாமல் என் கையிலிருந்து ஒரு நாய்கூட வாங்காது. அதனால்தான் உன் முகம். பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜனங்களைக் கேட்டுப் பார். சபை மூப்பர் ஒக்கோலி வாழ்நாளில் சாராயத்தை முகர்ந்தது இல்லை. வேர் போட்டு ஊறியது மருந்துதான், பாவம் இல்லை என்று போதகரே சொல்லிவிட்டதால், காலையும் மாலையும் ஒரு மடக்கு. "தம்பி, ஒடம்பு தீயா இருக்குடா! இப்பல்லாம் ஜெபம் பண்ணினா கூரை அதிருது!" என்கிறார்.

அம்மா நன்றாக இருக்கிறார். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் உன் படத்தைத் துணியால் துடைத்து முத்தம் கொடுத்தார். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவள், ஈஸ்டருக்காவது வந்து நீயே பார்த்துக்கொள்.

உன் தம்பி,
வெட்டி எறியப்பட்ட எஜிக்கே


எனுகு
20 மார்ச் 1998

எஜிக்கே,

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று எழுதினாயே, அதற்குப் பிறகு சாப்பிடுகிறாரா, நிறுத்திவிட்டாரா என்று கேட்டு இரண்டு முறை சீட்டு எழுதி சண்டேயிடம் கொடுத்துவிட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. நீ என்னை வதைக்க வேண்டும் என்றே செய்கிறாய்.

இப்போது சொல்லப்போவதை நின்று நிதானமாகப் படி.

இந்த மாதத் தொடக்கத்தில் எங்கள் துறையில் என் ஆய்வைப் பற்றிப் பேசினேன். புத்தாடை கட்டிக்கொண்டு போய் நின்றேன். பேசி முடித்ததும் பேராசிரியர் நுவோபோடோ கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு கூட்டம் எலிக்கு மருந்து குடுத்தே. ஒப்பிட்டுப் பாக்க வச்ச இன்னொரு கூட்டத்துக்கு என்ன குடுத்தே?"

"தண்ணி, சார்."

"மருந்து எதுல ஊறுனது?"

பின்வரிசையில் ஒருவன், "சாராயத்துல சார், வாசனை இங்க வரைக்கும் வருது" என்றான்.

"அப்ப ஒரு கூட்டம் சாராயம் குடிச்சிருக்கு, ஒரு கூட்டம் தண்ணி குடிச்சிருக்கு. ஏம்மா, நீ வேரைச் சோதிச்சியா, சாராயக் கடையைச் சோதிச்சியா?"

அரங்கமே சிரித்தது. கதவருகே நின்ற காவலாளிகூடச் சிரித்தான்.

முதல் வருட மாணவனுக்குத் தெரிந்த விஷயம் இது. இரண்டு கூட்டத்துக்கும் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், வேர் ஒன்றுதான் வித்தியாசப்பட வேண்டும். வெறும் சாராயம் ஒரு கூட்டத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எலிக்கூடத்துக்குள் மது வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவளே நான்தான். உன் பாட்டில் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வந்தபோது மருந்து என்ற பெயரில் வந்தது. மூப்பர் ஒக்கோலிக்கு எப்படி அது சாராயம் இல்லையோ, அப்படியே எனக்கும் அது சாராயம் இல்லாமல் போயிற்று. நம் சபைக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டில் செய்கிற தவறை நான் ஆய்வகத்துக்குள் செய்தேன். என்மேலேயே எனக்கு வருகிற ஆத்திரத்தை உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

முக்காடு போட்டுக்கொண்டு போய் நானே சாராயம் வாங்கி வந்தேன். மறுபடி முதலிலிருந்து செய்தேன். வெறும் சாராயம் குடித்த எலிகளுக்கும் சர்க்கரை அதே அளவுக்கு இறங்கியது. வேரைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொடுத்த எலிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. உன் வேர் ஒரு வேலையும் செய்யவில்லை, எஜிக்கே. பட்டினி வயிற்றில் சாராயம் போனால் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடாது. அதனால் கொஞ்ச நேரம் அளவு குறைந்ததுபோல் தெரியும். அது குணம் இல்லை. நோய் உள்ளே தன் பாட்டுக்குத் தின்றுகொண்டே இருக்கும்.

நீ சாராயம் விற்கிறாய். என் முகத்தை ஒட்டி விற்கிறாய். அம்மாவுக்கே ஊற்றிக் கொடுக்கிறாய்.

பாட்டில்களைத் திரும்ப வாங்கு. அம்மாவை மாத்திரை சாப்பிட வை. இல்லையென்றால் நான் வானொலி நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்வேன். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைக்காதே.

உஜுன்வா


ஒனிச்சா
28 மார்ச் 1998

டாக்டர் உஜுன்வா அவர்களுக்கு,

உங்கள் எலி டிசம்பரில் ஒன்று சொல்லும், மார்ச்சில் ஒன்று சொல்லும். டிசம்பர் எலியை நம்பு என்றாய், நம்பினேன். இப்போது மார்ச் எலியை நம்பு என்கிறாய். ஜூலை எலி என்ன சொல்லும் என்று இப்போதே கேட்டு எழுதிவிடு, நான் அதற்குத் தகுந்தமாதிரி அச்சடித்துக்கொள்கிறேன்.

நீ தப்பு செய்தாய். உன் அரங்கம் சிரித்தது. உனக்கு அசிங்கமாகிவிட்டது. சரி. அதற்கு நான் ஏன் கடையை மூட வேண்டும்? இந்தக் கடையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தையில் என்னை ஐயா என்று கூப்பிடுகிறார்கள். அதை உன்னால் பொறுக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே வகுப்பில் நீதான் முதலாவது, நான் உன் பை தூக்குகிறவன். இப்போது பை தூக்குகிறவன் பெயர் ஊரெல்லாம் கேட்கிறது.

வானொலிக்குப் போகிறாயா? போ. பிரார்த்தனைக் குழுவையும் கூட்டிக்கொண்டு போ.

அம்மாவிடம் நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன், ஒளிக்கவில்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "போடா, எம் பொண்ணு மொகத்தப் போட்டுக்கிட்டு அந்தப் பாட்டில் பொய் சொல்லுமா? அவ ஏதோ கோவத்துல எழுதியிருக்கா. நீதான அவள ஏதோ சொல்லியிருப்ப." மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறார். மாத்திரையின்மேல் உன் படம் இல்லையே.

எஜிக்கே

பின்குறிப்பு: போன வாரம் அம்மா பனங்கொட்டை ஓட்டை மிதித்துவிட்டார். வலதுகாலில் சின்னப் புண். வலியே இல்லையாம், அதனால் பயப்பட ஒன்றும் இல்லை.


ஒனிச்சா, உன் கடை வாசலில்
31 மார்ச் 1998

எஜிக்கே,

வலி இல்லாத புண்தான் பயப்பட வேண்டிய புண். உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது, விடிந்ததும் புறப்பட்டேன்.

கடை பூட்டியிருக்கிறது. நீ சரக்கோடு அபா நகரத்துக்குப் போயிருக்கிறாய் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். உன் கதவு முழுக்க நானே சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நம் ஊர் உமுவேசிக்குப் போகிறேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போவேன். பார்த்தவுடன் வா. சண்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

அக்கா


ஒனிச்சா
3 மே 1998

உஜுன்வா,

முழங்காலுக்குக் கீழே அம்மாவுக்குக் கால் இல்லை. இதை நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை, நீ பக்கத்திலேயே இருந்தாய். நான் அபாவிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வார்டுக்குள் நுழைந்தேன். அம்மா மயக்கத்தில் இருந்தார். நான் இன்னும் கட்டில் அருகேகூடப் போகவில்லை, நீ விரலை நீட்டினாய். "இதோ வந்துட்டான் பாருங்க, சாராயம் ஊத்திக் குடுத்தவன் இவன்தான்." மருத்துவர் பார்த்தார், நர்ஸ்கள் பார்த்தார்கள், பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நம் பங்காளிகள் அத்தனை பேரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அம்மாவின் கையைக்கூடத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வானொலி. சொன்னதைச் செய்தாய். நீ பேசிய மறுநாள் காலையில் ஒரு கூட்டம் வந்தது. முன்னால் நின்றது யார் தெரியுமா? மூப்பர் ஒக்கோலி. "என்னையச் சாராயம் குடிக்க வச்சிட்டியேடா, பாவி!" என்று கத்திக்கொண்டே முதல் பாட்டிலை அவர்தான் உடைத்தார். அவர் அன்று காலையிலும் ஒரு மடக்கு போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார், வாயில் வாடை அடித்தது. பலகையை உடைத்தார்கள், அடுக்கை உடைத்தார்கள். தெரு முழுக்க உன் முகம் சாராயத்தில் மிதந்தது.

நான் தப்பு செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். புண் என்று அம்மா காலை நீட்டியபோது நான் குனிந்து பார்க்கவில்லை. அபாவில் ஒரு வியாபாரி காத்துக்கொண்டிருந்தான். அது எனக்கு இரவும் பகலும் தெரிகிறது. ஆனால் ஒன்றை நீயும் கேட்டுக்கொள்.

அம்மா குடித்தது வேரை இல்லை. சாராயத்தையும் இல்லை. உன் முகத்தைக் குடித்தார். மூன்று வருடமாக நீ ஊர்ப்பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸ் என்றால் எலிக்குத் தீனி வைக்க ஆள் இல்லை, ஈஸ்டர் என்றால் கட்டுரை, கிழங்குத் திருவிழா என்றால் மாநாடு. ஒவ்வொரு தடவையும் நான்தான் போய், அக்கா வரமாட்டாள் என்று சொல்ல வேண்டும். வாசலில் நிற்கிற அம்மா முகத்தை நான்தான் பார்க்க வேண்டும். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று என்ன சொன்னார் தெரியுமா? "அப்பாடா, வந்துட்டாளா" என்றார்.

விரலை நீட்டினாயே, அந்த விரலைக் கொஞ்சம் உன் பக்கமும் திருப்பிப் பார்.

நான் லாகோஸ் போகிறேன். தேடாதே. எனக்கு அக்கா இல்லை.

எஜிக்கே


உமுவேசி
21 ஜூன் 1998

எஜிக்கே,

தேடாதே என்றாய். தேடினேன். லாகோஸில் மறுபடி உதிரிபாகக் கடையில் நிற்கிறாய் என்று சண்டே யாரிடமோ விசாரித்துச் சொன்னார். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ கிழித்துப் போட்டால் அவர் வந்து சொல்லட்டும்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது வராது. புண்ணைக் குனிந்து பார்க்காததற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் பதில் எழுதாததற்கு மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சபையில் பொய் சொல்லிவிட்டு வந்தேன், உன்னிடம் சொல்லமாட்டேன்.

வானொலியில் நான் பேசியதை நீ முழுதாகக் கேட்டாயா? நான் முதலில் சொன்னது, "சோதனையில் தவறு செய்தது நான்தான், என் தம்பி நான் எழுதியதை நம்பினான்" என்பதுதான். அது யார் காதிலும் விழவில்லை. சாராயம் என்ற சொல் வந்த பிறகுதான் ஊரே காதைத் தீட்டிக்கொண்டது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் அந்த முதல் வாக்கியத்தோடு போய்விட்டது. போகட்டும்.

வார்டில் நான் விரல் நீட்டியது தவறு. நீ சொன்னபடி திருப்பிப் பார்த்தேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டேன். எலிகளுக்கு வேறு ஆள் தீனி வைக்கிறார். வைக்க முடிகிறது, பார்.

அம்மா கோல் ஊன்றி அடுப்படிவரை நடக்கிறார். நான் வைக்கிற கசப்புக்கீரைக் குழம்பைக் கேலி செய்கிறார். "இது கொழம்பா, உன் எலிக்கு வச்ச மருந்தா?" உன்மேல் அவருக்குக் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

மாத்திரைதான் பெரிய பாடாக இருந்தது. கையில் வைத்துக் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டார். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். வீட்டிலிருந்த உன் பாட்டில்களையெல்லாம் கொல்லையில் போட்டு உடைத்தேன். கடைசிப் பாட்டிலைப் பிடுங்கப் போனபோது அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடவில்லை. வேறு வழியில்லாமல் சாராயத்தைக் கொட்டிக் கழுவி, அதற்குள் மாத்திரைகளைப் போட்டேன். இப்போது அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் மட்டும் மறுபேச்சு இல்லாமல் விழுங்குகிறார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "அம்மா, நான்தான் முன்னாடியே உக்காந்திருக்கேனே! என் கையால குடுத்தா ஆகாதா? அந்தப் பாழாப்போன படம்தான் வேணுமா?"

"நீ எப்ப வேணா பஸ் ஏறிருவ" என்றார். "இது இங்கயே இருக்கும்."

எழுந்து கொல்லைக்குப் போய் உடைந்த கண்ணாடியெல்லாம் பொறுக்கினேன்.

இதற்காக மட்டும் நான் உனக்கு எழுதவில்லை. சாயங்காலம் ஆனால் அம்மா பாட்டிலை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். என் முகத்தை ஒரு துடை துடைப்பார். அப்புறம் தோளில் இருக்கிற அந்த நான்கு விரலின்மேல் பெருவிரலை வைத்துத் தடவிக்கொண்டே கேட்பார்.

"இது யார் கைடி?"

தெரியாதவர் மாதிரிதான் கேட்பார். நேற்றும் கேட்டார், முந்தாநாளும் கேட்டார். நான் பேசாமல் இருந்தால் விடமாட்டார், மறுபடி கேட்பார். என் வாயால் உன் பெயர் வரும்வரை கேட்பார்.

சொல்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் தினமும் சொல்கிறேன்.

அக்கா